சுடாத மானுக்குப் பங்கு போட்ட கதை

தம்பி,

கடிதம் என்றால் "அன்புள்ள மகனுக்கு" என்று தொடங்க வேண்டுமாம். அப்படி எழுதிப் பார்த்தேன், யாரோ வீட்டுப் பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. பிறந்த நாள் தொட்டு உன்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டு வருகிறேன், அதுவே இருக்கட்டும். இதை ஒரு உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் ரொறொன்ரோத் தமிழ்ச்சனத்தில் பாதிப்பேருக்குக் கை இருக்கிறது. கெடுத்தவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் நம் சங்கத்துப் பொங்கல் மலருக்குக் கொடுக்கிறேன். றோணியோ அச்சு இயந்திரத்தில் அடித்து, மை காயாமல், எல்லோர் வீட்டுக்கும் போகட்டும். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்பது எனக்குத் தெரியும். அம்மா போனில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். நடுநடுவே தன் அபிப்பிராயத்தையும் சேர்ப்பாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

போன ஞாயிறு நீ கல்கரியிலிருந்து போன் எடுத்தாய். வழக்கம்போல அம்மாவோடு நெடுநேரம் கதைத்தாய், பிறகு போன் என் கைக்கு வந்தது. "எப்படியடா?" என்றேன். "ஃபைன் அப்பா" என்றாய். "வேலை?" "ஃபைன்." "குளிர்?" "பரவாயில்லை." அதோடு முடிந்திருக்க வேண்டும், எப்போதும் அதோடுதான் முடியும். அன்றைக்கு நீ என்ன நினைத்தாயோ, "இந்த வீக்கெண்ட் வேலைப் பெடியளோட மான் வேட்டைக்குப் போறன் அப்பா. லேற் சீசன். மியூல் டியர்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லது, ரெண்டு சோடி சொக்ஸ் போடு" என்றேன். ஆறு வருஷமாக என் நெஞ்சில் கிடந்த விஷயத்தை நீயே வாய் திறந்து எடுத்தாய், நான் சொக்ஸைப் பற்றிக் கதைத்தேன்! போனை வைத்துவிட்டு யூனியன்வில் வீட்டுக் குசினியில் அப்படியே நின்றேன். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமலே, "நானும் வரட்டோ எண்டு கேட்டிருக்கலாம்தானே, வாயில என்ன கொழுக்கட்டையோ?" என்றாள். அதைத்தான் இந்தக் கடிதத்தில் கேட்கப்போகிறேன். கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, பொறுமையாக இரு.

உனக்கு அப்போது பதினாறு வயது. டொன் மில்ஸ் பக்கத்து அப்பாட்மென்ரில் இருந்தோம். எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது விமானத்தில் தந்த ரொபியைக்கூட என்னைக் கேட்டுவிட்டு வாயில் போட்ட பிள்ளை, பதினாறில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். உள்ளே பாட்டு முழங்கும். தட்டினால் "வட்?" என்று ஒரு சத்தம். சாப்பாட்டு மேசையில் நான் ஒரு கேள்வி கேட்க நீ ஒரு சொல்லில் பதில் சொல்ல, அம்மா இருவருக்கும் நடுவே சம்பலைத் தள்ளித் தள்ளி வைப்பாள். எனக்குக் கோபம் வரும். கத்துவேன். கத்தினால் நீ இன்னும் சுருங்குவாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு பிள்ளைக்காக ஏங்கலாம் என்பது எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது.

என்னோடு வரைபட அலுவலகத்தில் அடுத்த மேசையில் வோல்ற்றர் இருந்தான். சாஸ்கச்சவானிலிருந்து வந்தவன், அவனுடைய தம்பி இன்னமும் அங்கே தென்மேற்கு மூலையில் கோதுமைப் பண்ணை வைத்திருந்தான். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது உன்னைப் பற்றி அவனிடம் புலம்பினேன். அவன் சான்ட்விச்சை மென்றுகொண்டே, "டிசம்பர் தொடக்கத்தில் உன் பையனைக் கூட்டிக்கொண்டு என் தம்பி வீட்டுக்குப் போ. மான் சீசனின் கடைசி வாரம், லேற் சீசன் என்பார்கள். இரண்டு பேரும் ஒரு மேட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அதைவிட நல்ல மருந்து இல்லை" என்றான். நான் துவக்கைக் கையால் தொட்டதில்லை. யாழ்ப்பாணத்து ரவுணில் பிறந்து வளர்ந்தவன், மானைக் கண்டது கலண்டரில். ஆனாலும் அன்று இரவுச் சாப்பாட்டில் சும்மா சொல்லிப் பார்த்தேன். நீ தலையை நிமிர்த்தினாய். "றியலி? நீங்களும் நானுமோ?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நீ கேட்ட முகத்தை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்கள்தான், தம்பி, நான் இந்த நாட்டில் வாழ்ந்த வாழ்க்கையிலேயே திறமான பின்னேரங்கள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அந்தப் பகுதியின் பெரிய வரைபடத்தை விரிப்போம். நான் அதன்மேல் ட்ரேஸிங் தாளை வைத்துச் சமவுயரக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கீறி எடுப்பேன், அது என் தொழில். நீ நூலகத்திலிருந்து அள்ளிவந்த புத்தகங்களை வைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலால் அடையாளம் போடுவாய், அது உன் மூளை. இந்த மானின் காது கோவேறு கழுதையின் காதுபோலப் பெரிசு, அதனால்தான் மியூல் டியர் என்று பெயர் என்றாய். ஓடும்போது நாலு காலையும் ஒன்றாகத் தூக்கிப் பாயும், கொஞ்சத் தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும் என்றாய். நான் "உனக்கு உதெல்லாம் ஆரடா சொன்னது?" என்றால் "படிச்சனான்" என்பாய், ஏதோ அமைச்சர் பதில் சொல்கிற தோரணையில்.

ஏன் கடைசி வாரம்தான் போக வேண்டும், நவம்பரில் போனால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். உனக்கு முகம் சிவந்துவிட்டது. "அது அப்பா... நவம்பரில அந்த ஆண் மானுக்கு... வந்து... பொம்பிளை மானுக்குப் பின்னால ஓடித் திரியிறதுதான் வேலை. சாப்பிடாது. எங்கை நிக்கும் எண்டு சொல்லேலாது" என்று என்னைப் பாராமல் சொல்லிமுடித்தாய். குசினிக்குள் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு நீ மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினாய். டிசம்பரில் அந்த ஓட்டம் எல்லாம் முடிந்து மான் களைத்துப் போயிருக்கும். பனி விழுந்து மேட்டுநிலத்தில் புல் மூடிப்போகும். அப்போது தெற்குப் பார்த்த சரிவுகளில்தான் வெயில் பட்டுப் பனி மெலிசாக இருக்கும், பசியோடு அங்கேதான் இறங்கி வரும். ஆகவே பனி வேண்டும், காற்று எங்கள் முகத்துக்கு அடிக்க வேண்டும், விடியமுன் போய் அசையாமல் உட்கார வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு வெட்டினாற்போல் இறங்கும் ஒரு பள்ளத்தின் எதிர்க்கரையில் சிவப்பால் ஒரு வட்டம் போட்டாய். "இதுதான் எங்கட இடம்" என்றாய். "எங்கட" என்றாய், தம்பி.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். அங்கே எல்லோரும் உன் வயதுப் பெடியள், நடுவில் நான் வழுக்கைத் தலையோடு. சோதனையில் நீ என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்தாய், திரும்பி வருகிற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாய். ரொறொன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப்பக்கம் அப்போது வயலும் பண்ணையும்தான், வோல்ற்றருக்குத் தெரிந்த ஒருவரின் பண்ணையில் பழைய மணல்கிடங்கு ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே போய் அவன் இரவல் தந்த துவக்கால் தகரப் பேணிகளைச் சுட்டுப் பழகினோம். நான் சுட்டால் பேணி அப்படியே நிற்கும். "அப்பா, கண்ணை மூடிக்கொண்டு சுடுறியள்" என்று நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். எனக்கு ரோஷம் வரவில்லை, அதுதான் அதிசயம். எனக்கு எதற்கெல்லாம் ரோஷம் வரும் என்று உனக்குத் தெரியும். அம்மாதான் ஒருநாள், "மான் ஒண்டும் செய்யேல்லை உங்களுக்கு. இறைச்சி வேணுமெண்டால் கென்சிங்ரன் மார்க்கெற்றில ஆடு தொங்குது" என்றாள். நான் "இறைச்சிக்கே போறம்?" என்று கேட்டேன். அவள் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள், அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

இப்போது வருகிறேன், என் வாய் செய்த வேலைக்கு. தீபாவளிக்குக் குலம் அண்ணை வீட்டில் எல்லோரும் கூடினோம். குலம் அங்கிளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய மனசு, அதைவிடப் பெரிய குரல், அந்தக் காலத்தில் நம் ஆட்களில் அவரிடம்தான் பெரிய ஸ்ரேஷன் வாகன் கார் இருந்தது. யாரோ தங்கள் பிள்ளை பியானோ வாசிக்கிற பெருமையைச் சொன்னார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ர மகன் என்னை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறான்" என்றேன். பெருமைதான், வேறென்ன. உடனே குலம் அண்ணை, "மான் இறைச்சியோ! ஐசே, சாப்பிட்டு எத்தினை வருசம்! எனக்கொரு பங்கு எழுதும்!" என்று கூவினார். நானும் சிரித்துக்கொண்டு "ஓம் அண்ணை, உங்களுக்கில்லாததோ" என்றேன்.

அந்தப் பங்கு என்ற சொல் என்ன செய்யும் என்று உனக்குத் தெரிந்திருக்காது. ஊரில் ஞாயிற்றுக்கிழமை நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி அடிப்பார்கள். பனையோலையில் குவியல் குவியலாக வைத்து, ஒவ்வொரு குவியலிலும் எலும்பிலும் சதையிலும் ஈரலிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து, ஒருவருக்கும் கூடாமல் குறையாமல் பிரிப்பார்கள். எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குப் பிரிக்கிற ஆள் என் ஐயா, உன் அப்பப்பா. அந்த வீட்டுப் பிள்ளையிடம் பங்கு கேட்டு இல்லை என்று வந்தால் அது ஒரு மரியாதைக் குறைவு. இங்கே இந்தச் சனமெல்லாம் கடைக் குளிரூட்டியில் கல்லாய்க் கிடக்கிற இறைச்சியைத் தின்று நாக்குச் செத்துக் கிடந்தது. மறுநாளிலிருந்து போன் அடிக்கத் தொடங்கியது. "அண்ணை, எனக்கும் ஒரு பங்கு." "அண்ணை, ஈரல் கொஞ்சம் கூட." "அன்ரிக்கு முழங்கால் வருத்தம், எலும்பு சூப்புக்கு வேணும்." மான் சாஸ்கச்சவானில் தன்பாட்டில் புல் மேய்ந்துகொண்டிருந்தது, இங்கே அதன் தொடைக்கு இரண்டு பேர் சண்டை. எல்லோருக்கும் ஓம் என்றேன். எனக்கு இல்லை என்று சொல்ல வராது. அலுவலகத்திலும் வராது, கடைக்காரனிடமும் வராது, வீட்டுக்குள் உங்களிடம் மட்டும் நன்றாக வரும்.

இத்தனை பங்குக்கு ஒரு மான் காணாதே, உதவிக்கு ஆள் வேண்டாமோ என்று குலம் அண்ணை தானும் வருவதாகச் சொன்னார். அவர் வந்தால் அவருடைய ஸ்ரேஷன் வாகனிலேயே போகலாம், அதன் ஹீற்றர் நல்லது. அவர் வந்தால் அவருடைய மச்சானும் வருவார். மச்சான் வந்தால் அவரோடு சீட்டு விளையாட இன்னொருவர் வேண்டும். அவர்கள் ஒருவரிடமும் வேட்டை அனுமதி கிடையாது, சுடப்போவது நீயும் நானும் மட்டும்தான், மற்றவர்கள் சும்மா புதினம் பார்க்க. ஞாயிற்றுக்கிழமை மேசையில் இப்போது அவர்களும் இருந்தார்கள். உன் படத்தின்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு கொண்டுபோவதா, பிறஷர் குக்கர் கொண்டுபோவதா, புட்டுமா எவ்வளவு என்று பேச்சுப் போனது. நீ சிவப்புப் பென்சிலைக் கையில் பிடித்தபடி மேசையின் ஓரத்தில் நின்றாய்.

அப்போதுதான் குலம் அண்ணையின் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள். "டிசம்பரில கொண்டுவந்தால் எப்பிடிச் சாப்பிடுறது? பிள்ளையார் விரதம் தொடங்கிவிடும். என்ர வீட்டுப் படிக்குள்ள இறைச்சி மச்சம் ஒண்டும் வரேலாது." எல்லோர் வீட்டிலும் அதே கதைதான், எங்கள் வீட்டிலும். உடனே தீர்ப்பாயிற்று: பயணத்தை நவம்பர் நடுப்பகுதிக்கு முன்தள்ள வேண்டும், விரதத்துக்கு முதல் பங்கு வீடு வந்து சேர வேண்டும். நீ அப்போது வாய் திறந்தாய். "அங்கிள், அது லேற் சீசன் இல்லை. பனி இருக்காது. மான் கீழ இறங்காது. தென் தேர்ஸ் நோ பொயின்ற்" என்றாய். குலம் அண்ணை உன் தோளில் தட்டி, "தம்பி, மான் என்ன கலண்டர் பார்த்தே நடக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கும்பலாக இருந்தால் சிரித்துவிடுகிற சிரிப்பு அது, உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பல்ல, என்றாலும் உனக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

"உந்தக் கிழமை எனக்கு ஸ்கூலில ரெஸ்ற்" என்று நீ பிறகு சொன்னாய். மச்சான்காரர் ஏற்கனவே வாகனுக்குள் ஆட்களையும் சாமான்களையும் கணக்குப் போட்டு, ஒரு இடம் இடிக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. "அப்ப பெடியன் படிக்கட்டுமே. படிப்பெல்லோ முக்கியம். மானை அப்பா கொண்டுவருவார்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். மற்றவர்கள் ஒருவரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை, நானும் அவனும் டிசம்பரில் தனியாகப் போகிறோம், நீங்கள் மார்க்கெற்றில் ஆடு வாங்குங்கோ என்று சொன்னால் போதும். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். நீ, "இற்ஸ் ஓகே அப்பா. யூ கைஸ் கோ" என்று சொல்லிவிட்டு, கோப்பைகளைத் தூக்கிவைத்து, ட்ரேஸிங் தாளை மெதுவாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாய். கதவை அடித்துச் சாத்தவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால் நான் எழும்பி வந்து கத்தியிருப்பேன், அதன்பிறகாவது ஏதாவது நடந்திருக்கும்.

போனோம். சுப்பீரியர் ஏரியைச் சுற்றிக்கொண்டு நாட்கணக்காக ஓடினோம். வோல்ற்றரின் தம்பி தன் முற்றத்தில் ஒரு வாகனிலிருந்து நாலு நடுவயது ஆட்கள் கம்பளிக்குல்லாவோடு இறங்கி, பிறகு ஒரு அடுப்பையும் இரண்டு குக்கரையும் இறக்குவதைப் பார்த்துவிட்டு, "பையன் எங்கே?" என்று மட்டும் கேட்டான். பரீட்சை என்றேன். பனி இல்லை, நீ சொன்னதுதான் நடந்தது. ஒவ்வொரு காலையும் குலம் அண்ணையின் குரல் அந்த வெளி முழுக்கக் கேட்டது, மச்சானின் குக்கர் விசில் அடித்தது, கழுதைக் காது வைத்த மானுக்கு அது கேட்காதா? ஒரு வாலைக்கூட நாங்கள் காணவில்லை. "இது பொய் இடம் ஐசே" என்று குலம் அண்ணை சொன்னார். அவர்களுக்குக் கவலையில்லை, சீட்டு விளையாடினார்கள், புட்டு அவித்தார்கள், பாட்டுப் பாடினார்கள். நல்ல மனிதர்கள்தான், எனக்கு அவர்கள்மேல் இருந்த கோபம் நியாயமானதல்ல. ஆனாலும் இருந்தது.

இனிச் சொல்லப்போவதை நான் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. குலம் அண்ணையும் இதை இப்போதுதான் வாசிக்கப்போகிறார், வாசிக்கட்டும். புறப்படவேண்டிய நாள் காலை கண் விழித்தால் வெளியே பனி. முழங்கால் அளவு இல்லை, புல் மூடுகிற அளவு. மற்றவர்கள் குறட்டை. நான் துவக்கை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தேன். உன் தாள் என்னிடம் இல்லை, ஆனால் அந்தக் கோடுகள் நான் கீறினவை, அவை எனக்கு மறக்குமா? நீ வட்டம் போட்ட கரையில் போய், காற்று முகத்துக்கு அடிக்கிறதா என்று பார்த்து, நீ சொன்னபடி அசையாமல் உட்கார்ந்தேன். வெயில் எதிர்ச் சரிவில் படத் தொடங்கியது. பிறகு வந்தது, தம்பி. இரண்டு பெண் மான், பின்னால் கொம்பு வைத்த ஒன்று. மேட்டிலிருந்து இறங்கி வந்து, பனியைக் காலால் கிண்டி மேய்ந்தன. நீ காட்டின இடத்தில், நீ சொன்ன விதத்தில். அந்தக் காதுகள்! புத்தகத்தில் பார்த்ததைவிடப் பெரிசு. "டேய் தம்பி, அங்கை பார்" என்று சொல்லிக்கொண்டு இடதுபக்கம் திரும்பினேன்.

இடதுபக்கத்தில் ஒருவரும் இல்லை. பனியில் என் கால் தடம் மட்டும் ஒற்றையாக வந்திருந்தது. நான் திரும்பின அசைவு அதுகளுக்குப் போதும், மறுபடி பார்க்கும்போது நாலு காலையும் தூக்கிப் பாய்ந்து மேட்டைத் தாண்டிவிட்டன. துவக்கைத் தூக்கவேயில்லை. அங்கேயே இருந்து அழுதேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன், மலர்க்குழுவினர் இந்த வரியை வெட்டக் கூடாது. பண்ணைக்குத் திரும்பியபோது குலம் அண்ணை "எங்கை ஐசே போனீர், ஏதும் கண்டீரோ?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை, சும்மா நடந்தனான்" என்றேன். அந்த மான் உனக்கும் எனக்கும் உரியது. அதையாவது பங்கு போடாமல் வைத்திருக்க வேண்டும் என்று அப்போது ஒரு பிடிவாதம்.

வெறுங்கையோடு போகக் கூடாதென்று வோல்ற்றரின் தம்பி தன் குளிர்ப்பெட்டியிலிருந்து போன கிழமை சுட்ட மான் தொடை ஒன்றைத் தந்தான். ரொறொன்ரோவில் அதை நான் பங்கு போட்டேன், பனையோலை இல்லாத குறைக்குப் பத்திரிகைத் தாளில். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடி. எல்லோரும் மெச்சினார்கள், அப்படியே ஊரில் ஐயா போடுகிற பங்கு என்றார்கள். அன்று நம் வீட்டில் கறி மணந்தது. நீ அறையிலிருந்து வந்து, சோற்றைப் பருப்போடு தின்றுவிட்டு, "ரெஸ்ற் நல்லாச் செய்தனான்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் அப்போதே உன் அறைக்குள் வந்து, நீ சொன்னது சரியடா, நான் கண்டனான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று கேட்பாயே என்ற பயம். நீ கேட்கிற பிள்ளை இல்லை, கேட்காமலே போய்விடுகிற பிள்ளை. அடுத்த வருஷம் லேற் சீசன் வந்தபோது "போவமோடா?" என்று கேட்டேன், "படிக்கக் கிடக்கு" என்றாய். அதற்கு அடுத்த வருஷமும் கேட்டேன். பிறகு மேற்கே படிக்கப் போனாய், அங்கேயே நில அளவை வேலையும் கிடைத்தது. படம் பார்க்கவும் கோடு பார்க்கவும் சம்பளம் தருகிறார்களாம். எனக்குப் பெருமைதான், சொல்லவில்லை என்று நினைக்காதே, இப்போது சொல்கிறேன்.

உபதேசம் இல்லாமல் அப்பன் கடிதம் எழுதுவானா? ஒன்றே ஒன்று. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும், அதுவும் ஒருநாள் கதவைச் சாத்தும். அது திறந்து வந்து உன்னோடு ஒரு மேசையில் உட்கார்ந்தால், அதை ஊருக்குச் சொல்லாதே. சந்தோஷத்தில் வாய் ஊறும், என்றாலும் சொல்லாதே. நம் சனம் கெட்ட சனம் இல்லை, அன்பாய் வந்து ஏறிக்கொள்ளும், இறக்கத் தெரியாத ஆளுக்கு இடமே மிஞ்சாது. எனக்குத் தெரியவில்லை, நீ பழகிக்கொள். முந்தாநாள் பிக்கரிங்கிலிருந்து குலம் அண்ணை போன் எடுத்தார். நீ மானுக்குப் போகிற புதினம் அம்மா வழியாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. "எங்கட பெடியன் இப்ப வேட்டைக்காரனாமே! பிளேனில வரேக்கை எங்களுக்கும் ஒரு பங்கு கொண்டுவரச் சொல்லும்" என்றார். நான், "இல்லை அண்ணை. அது அவன்ர மான். அவனை ஒண்டும் கேக்க மாட்டன்" என்றேன். அம்மா குசினி வாசலில் வந்து நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள்.

நீ இந்த நேரம் பனிக்குள் உட்கார்ந்திருப்பாய், பக்கத்தில் உன் கூட்டாளிகள். நான் சாப்பாட்டு மேசையில் இருக்கிறேன். உன் கரையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சரிவு தெற்குப் பார்த்ததா, வெயில் எத்தனை மணிக்குப் படுகிறது என்று ஒருவரிடம் கேட்க வேண்டும்போல் கிடக்கிறது, யாரிடம் கேட்க? எனக்கு முழங்கால் முன்னைப்போல் இல்லை. கண்ணும் கொஞ்சம் மங்கல், சுட்டால் இப்போதும் பேணி நிற்கும். துவக்கு வேண்டாம், இறைச்சி வேண்டாம், ஒருவருக்கும் சொல்லவும் மாட்டேன், விரதமென்றாலும் சரி, பருப்பும் சோறும் கட்டிக்கொண்டு வருவேன். உன் பக்கத்தில் சத்தம் போடாமல் இருப்பேன். நீ என்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய கடமை ஒன்றும் உனக்கில்லை, விருப்பமில்லையென்றால் இல்லையென்று சொல், நான் கோபிக்க மாட்டேன். ஃபைன் அப்பா என்று மட்டும் சொல்லிப்போடாதே.

அடுத்த வருஷம் நானும் வரட்டோ, தம்பி?

அப்பா